உப இயக்குநரின் கதிரை

பரமட்டா ரயில் நிலையத்துக்குப் பின்னால், மெத்தைக் கடை ஒன்றின் மேல்மாடியில் சீனா இருந்தது. கீழே நின்றால் ஆஸ்திரேலியா. படியேறி முடித்தால் சீனா. நடுப்படியில் நிற்பவர் எந்த நாட்டில் நிற்கிறார் என்பது பற்றித் தென்னாற்றுப் பொருளாதாரப் பல்கலைக்கழகத்தின் சிட்னி வளாகம் இன்னும் முடிவெடுக்கவில்லை. அதனால் நடுப்படியில் நிற்பது தடை செய்யப்பட்டிருந்தது.

மற்றப் பல்கலைக்கழகங்கள் சீனாவிலிருந்து மாணவர்களைச் சிட்னிக்கு வரவழைத்துக்கொண்டிருந்த 2008ஆம் ஆண்டில், இது மட்டும் தானே கிளம்பி வந்துவிட்டது. வந்த இடத்திலும் அது சீனப் பல்கலைக்கழகமாகவே இருந்தது. எனவே அண்மையில்தான் விமானத்தில் வந்து இறங்கிய சீன மாணவர்கள் அங்கே உள்நாட்டு மாணவர்கள். பென்டில் ஹில்லில் வீடும், பின்வளவில் எலுமிச்சை மரமும், ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டும் வைத்திருந்த சந்திரகலா, சர்வதேச மாணவி.

சந்திரகலா யாழ்ப்பாணத்தில் வணிகப் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவள். ஒரு பக்கம் சண்டை, மறுபக்கம் கல்யாணம். ஜெயரட்ணத்தின் விசாவில் அவருடைய மனைவி என்ற தகுதியில் சிட்னிக்கு வந்து, மகனை வளர்த்து, மெரிலேண்ட்ஸில் உள்ள குழந்தைகள் காப்பகத்தில் பிறர் பிள்ளைகளையும் வளர்த்தாள். மகன் மெல்பேர்னுக்குப் படிக்கப் போனதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. ஒரு நாள் ரயிலில் விளம்பரம் ஒன்றைப் பார்த்தாள். வணிகமும் பொருளியலும். மாலை வகுப்பு.

"படியும், படியும்" என்றார் ஜெயரட்ணம் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டில சும்மா இருந்து என்ன செய்யிறது?"

காப்பகத்தில் பகல் முழுவதும் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடிவிட்டு வந்து அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த சந்திரகலா, அந்தச் 'சும்மா'வைக் கேட்டும் கேளாதவள்போல் விட்டுவிட்டாள்.

முதல் மாதம் ஜெயரட்ணத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மளிகைக் கடையில் நின்று "எங்கட ஆள் சைனீஸ் யூனிவேர்சிட்டியில படிக்கிறா" என்று எல்லோருக்கும் சொன்னார். இரண்டாம் மாதம் இராச்சாப்பாட்டுப் பருப்புக்குள் லின் வந்து விழுந்தார்.

"லின் சொன்னவர், பருப்பு விலை கூடுறதுக்குக் காரணம் வேறயாம்."

"ஆர் லின்?"

"என்ரை படிப்புத் துணை. ஒபிஸால தந்தவை. எல்லாருக்கும் ஒரு துணை இருக்கு. கிழமைக்கு மூண்டு தரம் இருந்து கதைக்க வேணும். ஒருக்காச் சேர்ந்து சாப்பிட வேணும்."

"சாப்பிடுறதும் பாடமோ?"

"ஓம். மார்க்ஸ் இருக்கு."

"ஆளுக்கு என்ன வயசு?"

"கேக்கேல்லை. முப்பத்தைஞ்சு இருக்கும்."

"கேக்காமலே தெரிஞ்சிருக்கு" என்றார் ஜெயரட்ணம், பருப்பைத் தள்ளி வைத்துவிட்டு.

அடுத்த கிழமை அவரும் விண்ணப்பித்தார். படிக்க விரும்பும் காரணம் கேட்ட இடத்தில் 'உலகப் பொருளாதாரத்தின் மீதுள்ள ஆர்வம்' என்று எழுதினார். அந்த நேரத்தில் அவருக்கு ஆர்வம் இருந்தது உலகத்தின் ஒரேயொரு பிரஜையிடம் மட்டும்தான்.

அனுமதி கிடைத்தது. கூடவே ஒரு கட்டளையும் வந்தது. சர்வதேச மாணவர்கள் அனைவரும் விமான நிலையத்தில் வரவேற்கப்பட வேண்டும். ஜெயரட்ணம் தொலைபேசியில் விளக்கினார்.

"நான் இருக்கிறதே பென்டில் ஹில்லில். ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் நீங்கள்."

"உங்களுக்கு ரயில் பற்றி நாங்கள் சொல்லித்தருவோம்" என்றது ஒரு கனிவான குரல். "முதலில் நீங்கள் வந்து சேருங்கள்."

ஆகவே அவர் வேலைக்கு லீவு போட்டு, உடுப்புப் பெட்டியோடு ரயிலேறி, பரமட்டாவைக் கடந்து, நகரத்தைக் கடந்து, விமான நிலையத்துக்குப் போனார். பயணிகள் வெளியே வரும் வாசலில் அவருடைய பெயர் எழுதிய சிவப்புப் பதாகையைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் நின்றார்கள். அவர் பின்பக்கமாக வந்து தோளைத் தட்டியது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பெட்டியோடு உள்ளே போய்த் திரும்பி வரும்படி கேட்டுக்கொண்டார்கள். கதவு உள்ளிருந்து மட்டுமே திறக்கும். டில்லியிலிருந்து வந்த ஒரு குடும்பம் வெளியேறும்வரை காத்திருந்து, அவர்களுக்கு நடுவில் புகுந்து வெளிப்பட்டார். கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். வான் வண்டியில் ஏற்றிப் பரமட்டாவுக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே காட்டி, "அதுதான் ரயில்" என்றார்.

மறுநாள் வீட்டு ஏக்கம் பற்றிய ஆலோசனை. அதற்குக் கிரெக் என்ற உள்ளூர்க்காரரை வைத்திருந்தார்கள். நல்ல மனிதர். கண்ணில் நீர் வருவதற்கு ஆயத்தமாகவே உட்கார்ந்திருந்தார்.

"குடும்பத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், ஜெய்?"

"இப்போதுதான். மனைவி பக்கத்து அறையில் இருக்கிறாள்."

"பக்கத்து அறையில்" என்று கிரெக் மெல்லத் திருப்பிச் சொன்னார். "ஆனாலும் அவர் தொலைவில் இருப்பதுபோல் தோன்றுகிறதா?"

ஜெயரட்ணம் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தார். சந்திரகலா ஏதோ சொல்ல, எதிரே இருந்த உயரமான மனிதர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவள் பகிடி விடுவாள் என்பதே ஜெயரட்ணத்துக்குப் புதிய செய்தி.

"தோன்றுகிறது" என்றார்.

"முதல் வாரத்தில் எல்லோருக்கும் அப்படித்தான்" என்றார் கிரெக்.

ஜெயரட்ணத்தைத் திடுக்கிட வைத்தது துணை ஒதுக்கீடுதான். தன்னையே மனைவிக்குத் துணையாகப் போடும்படி கேட்கத்தான் அவர் வந்திருந்தார். வளாகத்தின் இயக்குநர் சாவ் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று பதில் சொன்னார். ஒருவர் கேட்டாலும் ஐந்நூறு பேர் கேட்டாலும் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"துணை என்பது வளர்ச்சிக்கு இடமுள்ள உறவு. கணவன் மனைவி உறவு ஏற்கெனவே முடிவடைந்துவிட்டது. அதில் பல்கலைக்கழகம் முதலீடு செய்ய முடியாது."

மற்ற எல்லோருக்கும் துணை கொடுத்தாயிற்று. ஜெயரட்ணம் ஒற்றையாக நின்றார். ஒற்றையாக ஒரு மாணவரை விட விதியில் இடமில்லை. எனவே சீனாவிலுள்ள தாய் வளாகத்திலிருந்து விரைவில் வரவிருந்த உப இயக்குநர் கொங் என்பவரையே அவருக்குத் துணையாக அறிவித்தார்கள். பெரிய கௌரவம் என்றார்கள்.

உப இயக்குநர் கொங் வரவில்லை. அவர் உட்கார வேண்டிய கதிரை வந்தது. அதன் முதுகில் பெயர்ப் பலகை தொங்கியது. கிழமைக்கு மூன்று தரம் ஜெயரட்ணம் அந்தக் கதிரைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். கதிரைக்கு ஒரு கோப்பைத் தேநீர், அவருக்கு ஒரு கோப்பை. கண்காணிப்பாளர் பெண்மணி இரண்டு பேருக்கும் வரவு போட்டார்.

முதல் நாள் ஜெயரட்ணம் பேப்பரை விரித்தார். கண்காணிப்பாளர் வந்து பேப்பரை மடித்து வைத்தார்.

"துணையோடு பேச வேண்டும்."

"துணை இல்லையே?"

"அவர் இல்லாதது அவருடைய பொறுப்பு. நீங்கள் பேசாதது உங்களுடைய பொறுப்பு."

பக்கத்து மேசையில் சந்திரகலாவும் லின்னும். லின் கேள்வி கேட்பார்; பதில் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சந்திரகலாவின் கைகள் தாமாகவே எழும்பிப் பேசின. வெங்காய விலையைப் பற்றி இருவரும் சண்டை பிடித்தார்கள். பிறகு சிரித்தார்கள். லின் தன் தட்டிலிருந்த மாமிசக் கொழுக்கட்டையை அவள் தட்டில் வைத்தார். அவளும் எடுத்துச் சாப்பிட்டாள்.

ஜெயரட்ணம் கதிரையை நோக்கிக் குனிந்தார்.

"பாத்தீரோ?" என்றார் தமிழில். "வீட்டில நான் வைச்சுக் குடுத்தா, 'எனக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கோ' எண்டுவா."

எப்போதாவது வைத்துக் கொடுத்திருக்கிறோமா என்று பிறகு யோசித்தார். அதைக் கதிரையிடம் சொல்லவில்லை. கண்காணிப்பாளர் 'ஆழமான கருத்துப் பரிமாற்றம்' என்று குறித்துக்கொண்டார்.

இதற்கிடையில் பொருளியல் வகுப்பும் நடந்தது. உலகத்தில் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்துகொண்டிருந்த மாதம் அது. ஜெயரட்ணம் கணக்கெழுதும் கார் உதிரிப்பாகக் கம்பெனியில்கூட ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். விரிவுரையாளர் 'நிலையான வளர்ச்சியின் நித்திய இயல்பு' என்ற அத்தியாயத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஜெயரட்ணம் கையை உயர்த்தினார்.

"சேர், இப்போது ஒரு நெருக்கடி நடக்கிறதே?"

"பாடத்திட்டம் மார்ச் மாதத்தில் அங்கீகரிக்கப்பட்டது" என்றார் விரிவுரையாளர். "மார்ச்சில் அது இல்லை. அங்கீகாரம் கிடைத்தால் அடுத்த வருடம் நடக்கும்."

"எங்கள் கம்பெனியில் ஆட்களை நிறுத்துகிறார்கள்."

"அது கீழே நடக்கிறது" என்று அவர் தரையைச் சுட்டிக்காட்டினார். மெத்தைக் கடையிலும் அந்தக் கிழமை மலிவு விற்பனைதான் போட்டிருந்தார்கள்.

பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. பருவ முடிவில், மிகச் சிறந்த துணை இணையைத் தாய் வளாகம் ஒரு வருடப் படிப்புக்குச் சீனாவுக்கு அழைக்கும். இணை ஒன்றுக்கு மட்டும்தான் இடம்.

அன்று வீடு திரும்பும்போது சந்திரகலா ரயில் ஜன்னலில் தன் முகத்தைப் பார்த்தபடியே வந்தாள்.

"என்ன யோசனை?"

"ஒண்டுமில்லை. ஆற்றங்கரையில ஒரு லைப்ரரி இருக்காம். லின் படம் காட்டினவர். அதில ஒரு கதிரையில இருந்து படிக்க வேணும்போல கிடக்கு."

"வீட்டில கதிரை இல்லையோ?"

"இருக்கு" என்றாள் அவள். "அதெல்லாம் ஆருக்கோ பரிமாறப் போகேக்க கொஞ்ச நேரம் இருக்கிற கதிரை."

ஜெயரட்ணம் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒரு வருடம். ஆற்றங்கரை. லின்.

எதிரியை நேரில் அளந்து பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை லின்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். லின் சப்பாத்தை வாசலில் கழற்றி நேராக அடுக்கிவிட்டு உள்ளே வந்தார். கையால் சோறு சாப்பிட்டார். நண்டுக் கறிக்கு மூக்கால் வடிந்தபோதும் இன்னும் கொஞ்சம் கேட்டார். வெறுப்பதற்கு வசதியில்லாத மனிதர்.

"உங்கள் மனைவிக்குக் கடற்காற்று மிகவும் பிடிக்கும், இல்லையா?" என்றார் லின். "நீங்கள் அடிக்கடி கடலுக்குப் போவீர்களாக்கும்."

"போவோம்" என்றார் ஜெயரட்ணம்.

சந்திரகலா அப்பளம் எடுக்கக் குசினிக்குப் போனாள். மகன் சின்னவனாக இருந்தபோது ஒரு தரம் போனது ஜெயரட்ணத்தின் நினைவுக்கு வந்தது. கார் நிறுத்த இடமில்லை என்று அவர்தான் திருப்பிக்கொண்டு வந்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று லின்னைக் கேட்டார்.

"கேட்டேன்" என்றார் லின் ஆச்சரியத்தோடு. "துணை என்றால் கேட்க வேண்டுமே?"

அன்றிலிருந்து ஜெயரட்ணத்தின் பொறாமைக்குத் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை. அவள் கதவைத் திறந்தால் லின். அவள் சீப்பெடுத்துத் தலை இழுத்தால் லின். அவள் எதையாவது ரசித்துச் சிரித்தால், அதில் பாதி லின்னுக்குச் சேரவேண்டியது என்று தோன்றியது. அவள் போகக் கூடாது. அது ஒன்றுதான் வேண்டுதல். கதிரையிடம்கூட அதை இரகசியமாகச் சொல்லிவைத்தார்.

பருவ முடிவு விழாவுக்கு முதல் நாள் கைதட்டல் ஒத்திகை நடந்தது. விழாவன்று மேடை முழுவதும் சிவப்பு. உப இயக்குநரின் கதிரையையும் மேலே ஏற்றி, முதுகில் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தார்கள். இயக்குநர் சாவ் எழுந்து நின்றார்.

"இணக்கமே பொருளாதாரத்தின் தாய்! லின், சந்திரகலா இணை நன்றாக உழைத்தது. ஆனால் அவர்களுக்குள் ஏழு கருத்து வேறுபாடுகளும், வெங்காயம் தொடர்பான ஓர் உரத்த வாதமும், அனுமதிக்கப்பட்ட அளவை மீறிய சிரிப்பும் பதிவாகியுள்ளன. அவர்களுக்கு இரண்டாம் இடம்."

சபை ஒத்திகைப்படி கைதட்டியது.

"முதலிடம் பெறும் இணையைப் பாருங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் ஒரு நாளும் குறுக்கிடவில்லை. ஒருவர் தேநீரை மற்றவர் தொடவில்லை. இரகசியங்கள் காப்பாற்றப்பட்டன. முறைப்பாடு ஒன்றுகூட இல்லை. உப இயக்குநர் கொங், திரு. ஜெயரட்ணம்!"

தள்ளிவிடாத குறையாக அவரை மேடைக்கு ஏற்றினார்கள்.

"ஐயா" என்றார் ஜெயரட்ணம், "உப இயக்குநர் வரவேயில்லையே?"

"வந்திருந்தால் இந்த மதிப்பெண் கிடைத்திருக்குமா?" என்றார் இயக்குநர் அன்போடு. "நான் என் மேலதிகாரியைப் பன்னிரண்டு வருடமாக நேரில் பார்த்ததில்லை. எங்களுக்குள் ஒரு சிறு மனத்தாங்கல்கூட இல்லை. நான் அவரைப் பார்க்கக் கேட்டிருந்தால் இந்தப் பதவியில் இருப்பேனா?"

ஜெயரட்ணத்துக்கு முதலில் விளங்கியது ஒன்றுதான். அவள் போகவில்லை! கேட்டது கிடைத்துவிட்டது. உள்ளே குளிர்ந்துபோய் சபையைப் பார்த்தார்.

சந்திரகலா கைதட்டிக்கொண்டிருந்தாள். ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தபடியே, முழங்கையை மடக்கி, ஒரே சீராக. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் கைகள் நிற்கவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. கல்யாணமாகிச் சிட்னி விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அவருக்குப் பின்னால் பெட்டிகளோடு நின்ற பெண்ணின் முகம் அது. இத்தனை வருடத்தில் அவர் அதை மறந்திருந்தார்.

அவர் இயக்குநரிடம் ஏதோ கேட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கி ஓடிவந்தார்.

"கலா, நீரும் வரலாமாம்!"

"என்னெண்டு?"

"என்ரை டிபென்டன்டா. மனுசி எண்ட விசாவில."

"ஒருக்கா அப்பிடி வந்தது போதும்" என்றாள் சந்திரகலா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். "நீங்கள் போய்ட்டு வாங்கோ. நான் வீட்டைப் பாத்துக்கொள்ளுறன்."

ஜெயரட்ணம் மேடைக்குத் திரும்பினார். இந்தத் தரம் ஒருவரும் தள்ளவில்லை.

"எனக்கு இது வேண்டாம். இரண்டாம் இணைக்குக் கொடுங்கள்."

"சர்வதேச மாணவர் பரிசை மறுப்பதற்கு விதி இல்லை."

"அப்படியானால் எப்படித் தோற்பது?"

இயக்குநர் நேர்மையானவர். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"விழா முடிவதற்குள் துணையோடு கருத்து வேறுபாடு ஏற்பட்டால் மதிப்பெண் குறையும். ஆனால் இவ்வளவு நல்ல துணையோடு எப்படி..."

ஜெயரட்ணம் கதிரைக்கு முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"நீர் செய்தது சரியில்லை" என்றார் ஆங்கிலத்தில்.

கண்காணிப்பாளர் குறித்துக்கொண்டார். "மெல்லிய அதிருப்தி. அரை மதிப்பெண் குறைப்பு."

அது போதாது. அவருக்கு ஆங்கிலத்தில் சண்டை வராது. தமிழுக்கு மாறினார்.

"என்ன மனுசன் நீர்? இவ்வளவு நாள் முன்னால இருந்தும் ஒருக்கா எண்டாலும் 'எப்பிடி இருக்கிறீர்' எண்டு கேட்டனீரோ? தேத்தண்ணி வைச்சா ஆறிப்போகும். திரும்பியும் பாக்க மாட்டீர். ஒரு மனுசி வாய் திறந்து கதைச்சா, சிரிச்சா, அதுக்கு ஒரு முகம் குடுக்கத் தெரியாதோ? மரக்கட்டை! கார் விட இடமில்லையெண்டா வேறை ஒரு கரைக்குக் கொண்டுபோறதுக்கு என்ன? கடல் என்ன அந்த ஒரு இடத்திலையோ இருக்கு? எப்ப பாத்தாலும் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கொண்டு!"

கதிரையிடம் பேப்பர் இருக்கவில்லை.

அந்த மண்டபத்தில் தமிழ் விளங்கிய ஒரேயொரு ஆள் கையைக் கன்னத்தில் வைத்து அசையாமல் இருந்தாள்.

"அவன் கேட்டவனாம், அவ சொன்னவவாம். உமக்குக் கேக்க வாயில்லை. கேட்டவனிலை எரிச்சல் மட்டும் வருகுது. வெக்கமில்லையோ உமக்கு? எழும்பும்! எழும்பும் எண்டுறன்!"

கதிரையைப் பிடித்து உலுக்கினார். பெயர்ப் பலகை கழன்று விழுந்தது. பட்டுத்துணி காலில் சிக்கியது. கண்காணிப்பாளருக்கு எழுதித் தாளவில்லை. பல்கலைக்கழக வரலாற்றில் இவ்வளவு ஆழமான உறவுமுறிவு பதிவானதில்லை என்று இயக்குநர் பின்னர் தாய் வளாகத்துக்கு அறிக்கை அனுப்பினார். உப இயக்குநர் கொங்கின் பக்கத்திலும் ஒரு மதிப்பெண் குறைக்கப்பட்டது. சண்டைக்குப் பதில் சொல்லாமல் இருந்து அலட்சியம் காட்டியதற்காக.

இரண்டாம் இணை முதலிடத்துக்கு வந்தது. சபை கைதட்டியது. லின் ஓடிவந்து ஜெயரட்ணத்தின் கையைப் பிடித்து, "என்ன நடந்தது? அவர் உங்களை அவமதித்துவிட்டாரா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அந்த மனிதரை வெறுக்க அப்போதும் முடியவில்லை. ஜெயரட்ணம் தன்னால் முடிந்தவரை முயன்று பார்த்தார்.

ரயிலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வென்ட்வெர்த்வில் கடந்தது.

"கதிரையோட நல்லாத்தான் சண்டை பிடிச்சனீங்கள்" என்றாள் சந்திரகலா.

"ம்."

"பாவம், அது ஒண்டும் செய்யேல்லை."

"அதுதானே பிழை."

அவள் சிரித்தாள். லின்னிடம் சிரித்த சிரிப்பா, வேறா என்று பார்ப்பதற்காக ஜெயரட்ணம் திரும்பினார். பார்த்துக்கொண்டேயிருந்தார். பதில் வரும்வரை லின் பார்த்துக்கொண்டிருப்பாரே, அதுபோல.

"ஒரு வருஷம்" என்றாள் அவள். "லின்னும் வாறார். உங்களுக்கு எரிச்சல் வராதோ?"

"வரும்."

"கொஞ்சமோ?"

"ஒவ்வொரு நாளும். காலமை எழும்பின உடனேயே."

சந்திரகலாவின் முகம் சிவந்தது. சந்தோஷத்தை மறைக்கச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். இத்தனை வருடத்தில் அவளுக்கு அவர் தந்த மிகப் பெரிய பரிசை வாங்கிக்கொண்டவள்போல், அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப சரி" என்றாள். "போய்ட்டு வாறன்."